மெழுகு முட்டை

இன்னும் அரை மணி நேரத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக ஆட்கள் வந்துவிடுவார்கள். அவள் அறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பிள்ளை ஒன்றும் அறியாமல் கதகதப்பாகக் கிடந்தது.

பிள்ளை என்று அவள்தான் சொல்வாள். பதிவேட்டில் அதன் பெயர் 'முட்டை எண் பதினொன்று'. அந்த இனக் கழுகு காட்டில் ஒன்றுகூட மிச்சமில்லை. இந்த இனப்பெருக்க நிலையத்தின் கூண்டில் ஒரு கிழட்டு ஜோடி மட்டும் உண்டு. பெட்டை இனி முட்டையிடாது என்று டாக்டரும் கையை விரித்துவிட்டார்.

நாற்பது நாளாக இன்குபேட்டர் பக்கத்திலேயே பழியாய்க் கிடந்து, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்துக்கொண்டாள். அதைத்தான் ஒரு பெரும் பணக்காரரின் சொந்த மிருகக்காட்சிசாலைக்குக் கொடுத்துவிடச் சொல்லி மேலிடத்துக் கடிதம் வந்திருந்தது.

போன வருடம் அவருக்குக் கொடுத்த குஞ்சு ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. இப்போது அது பஞ்சு அடைத்து, கண்ணாடிக் கண் பதித்து, அவர் வீட்டு ஹாலில் நிற்கிறதாம்.

கடிதம் வந்த அன்றே கணவரிடம் முட்டி மோதிப் பார்த்தாள். கழுகுக் கூண்டுக்கு அவர்தான் பொறுப்பு.

"ஏங்க, ஏதாவது பண்ணுங்க."

"நாம என்னம்மா பண்ண முடியும்? குடுத்துத் தொலைச்சிட்டு நம்ம வேலையைப் பாப்போம்."

கரப்பான்பூச்சியைக் கண்டாலே கட்டில்மேல் ஏறுகிற மனிதர் வேறென்ன சொல்வார்? அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். மூன்று நாளாக வீட்டில் தட்டும் டம்ளரும்தான் பேசிக்கொண்டன.

ஆனாலும் அந்தப் பயந்தாங்கொள்ளியிடம் ஒரு கைவேலை இருந்தது. முட்டையை இன்குபேட்டருக்கு எடுத்துவிட்டால், தாய் கூட்டை விட்டு எழுந்து போகாமல் இருக்க அதன் அடியில் ஒரு போலி முட்டையை வைப்பார்கள். பழைய ஓட்டுக்குள் மெழுகும் மணலும் அடைத்து அவர் செய்கிற போலி, எடை, நிறம், புள்ளி எல்லாவற்றிலும் அச்சு அசல். அதற்கும் பென்சிலால் பதினொன்று என்று எழுதி, "எது நெசம், சொல்லு பாப்போம்" என்று அவளை வம்புக்கு இழுப்பார். அவள் ஒரு தடவைகூடச் சரியாகச் சொன்னதில்லை.

ஜன்னல் வழியே பார்த்தாள். இறைச்சி வண்டியிலிருந்து சரக்கு இறக்க அவர் போய்க்கொண்டிருந்தார். இதை விட்டால் வேறு சமயம் கிடைக்காது.

இன்குபேட்டரில் இருந்ததை எடுத்துத் துண்டில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். கூண்டின் பின்பக்கச் சிறு கதவைத் திறந்து கையை விட்டாள். தாய்க்கழுகு கொத்திய கொத்தில் ரத்தம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதன் அடியில் இருந்ததை உருவி, கொண்டுவந்ததை அங்கே வைத்தாள். உருவியதை இன்குபேட்டரில் வைத்து மூடியபோது வாசலில் ஹாரன் கேட்டது.

நிலைய அதிகாரியோடு இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். ஒருவர் கையில் மெத்தை வைத்த பெட்டி, இன்னொருவர் கையில் டார்ச்.

டார்ச்சை அவள் எதிர்பார்க்கவில்லை. இருட்டில் முட்டையோடு ஒட்டிப் பிடித்தால் உள்ளே உயிர் இருப்பது தெரியும்; மெழுகின் குட்டு வெளிப்பட்டுவிடும். வேலை போவதோடு நிற்காது, ஜெயில்தான்.

"லைட்டை அணைங்க" என்றார் டார்ச் வைத்திருந்தவர்.

அறை இருண்டது. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்களை இறுக மூடிக்கொண்டாள். டார்ச் 'டிக்'கென்றது.

"பிரமாதம்!" என்றார் அந்த ஆள். "ரொம்ப நல்லாப் பாத்துக்கிட்டீங்கம்மா. எங்க ஐயா இதையும் ஹால்லதான் வெக்கணும்னு இப்பவே இடம் பாத்து வெச்சிட்டாரு."

அவளுக்கு அந்தப் பயத்திலும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பெரிய நிபுணன் மாதிரி டார்ச் பிடிக்கிற ஆளுக்கு மெழுகுக்கும் உயிருக்கும் வித்தியாசம் தெரியவில்லையே! நீட்டிய தாளில் மளமளவென்று கையெழுத்துப் போட்டாள்.

வண்டி கேட்டைத் தாண்டி, சாலைத் திருப்பத்தில் மறையும்வரை அசையாமல் நின்றாள். பிறகு கூண்டுக்கு ஓடினாள். தாய்க்கழுகு இறக்கையைப் பரத்திக்கொண்டு அடைகாத்துக்கொண்டிருந்தது. பிழைத்தாயடி என் கண்ணே என்று நினைத்ததும் கண்ணீர் தாரைதாரையாய் வழிந்தது.

கணவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "போயிட்டாங்களா?"

தலையாட்டினாள். மூன்று நாள் கோபம் போன இடம் தெரியவில்லை. இவரிடமாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

அதற்குள் அவர் முந்திக்கொண்டார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவள் கண்ணீரைப் புறங்கையால் துடைத்தார். இருபது வருடத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமையை அவள் பார்த்ததே இல்லை.

"அழாதம்மா. அவங்க கொண்டுபோனது வெறும் மெழுகு. காலையில நீ குளிக்கப் போனப்பவே ரெண்டையும் நான் மாத்தி வெச்சிட்டேன்!"