ஒரே ஒரு டிங்

பள்ளிக்கூட கேட்டைத் தாண்டும்போதே பாட்டு கேட்டது.

அப்பாடா என்றிருந்தது. ஐந்து மணி நிகழ்ச்சிக்கு நான் வந்து சேர்ந்தது ஐந்து பத்துக்கு. முதல் பாட்டே என் மகள் வகுப்புதான். நேரத்துக்கு ஆரம்பிக்கவில்லை போலிருக்கிறது. என்னைப் போலவே இன்னும் நாலு பேர் உலகத்தில் இருக்கிறார்கள் என்று ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

நான் லிஃப்ட் மெக்கானிக். மூன்றரைக்கே கிளம்பியிருக்க வேண்டியவன். ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவில் ஓர் அம்மாள் மாட்டிக்கொண்டு, உள்ளே இருந்தபடியே என் பரம்பரையையே திட்டிக்கொண்டிருந்தார். அப்படியே விட்டுவிட்டு வர முடியுமா?

போன வருடமும் இதே கதைதான். அதற்கு முந்தின வருடமும் இதே கதைதான். வேறு வேறு லிஃப்ட், அவ்வளவுதான் வித்தியாசம்.

என் மகளை வீட்டில் நண்டு என்று கூப்பிடுவோம். நான் வராமல் போனால் அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். அதுதான் கொடுமை. அவளுக்கும் சேர்த்து அவள் அம்மா சொல்லிவிடுவாள்.

"இன்னிக்கும் வரலேன்னா, ஏதாவது ஒரு லிஃப்ட்டுலயே படுத்துத் தூங்கிக்குங்க." காலையில் டிபன் டப்பாவைக் கையில் கொடுக்கும்போது சொன்னாள். அந்த டப்பாவை இன்னும் திறக்கவில்லை.

நண்டு வாசிப்பது, கம்பியை முக்கோணமாக வளைத்து நூலில் தொங்கவிட்ட ஒரு மணி. வயலினையும் புல்லாங்குழலையும் மேளத்தையும் மற்ற பிள்ளைகள் எடுத்துக்கொண்ட பிறகு அதுதான் மிச்சமிருந்தது. இரண்டு நிமிடப் பாட்டில் அவளுக்கு ஒரே ஓர் அடி. அதுவும் கடைசியில். அதற்காக ஒரு மாதமாக டம்ளரை ஸ்பூனால் தட்டித் தட்டி எங்கள் உயிரை வாங்கிவிட்டாள்.

ஓர் அடிக்கு இத்தனை ஒத்திகையா என்று கேலி செய்தேன்.

"மணி அடிச்சாதான்ப்பா பாட்டே முடியும். அதுவரைக்கும் யாரும் நிறுத்தக் கூடாது. டீச்சர் ரூல்."

யாராவது ஒருவர் எண்ணிக்கையை விட்டுவிட்டால், நண்டு சிண்டுகள் எல்லாம் ஆளுக்கொரு இடத்தில் நின்று முழிக்குமாம். அதற்காக டீச்சர் போட்ட சட்டம் அது.

அந்த ஓர் அடி. கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அதற்குள் போய்ச் சேரவேண்டும்.

அரங்கம் மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. இருந்தாலும் ஏறியிருக்க மாட்டேன். என் தொழில் எனக்குத் தெரியும்.

படிகளில் பாட்டு இறங்கி வந்தது. ஜன்னல் வழியே விழுந்த சாயங்கால வெயிலில் தூசி மெதுவாக மிதந்துகொண்டிருந்தது. அதுவும் பாட்டுக்குத்தான் ஆடுகிறதோ என்று தோன்றியது. சுவரோரம் குட்டிக் குட்டிச் செருப்புகள் ஜோடி ஜோடியாக வரிசையில் இருந்தன.

இரண்டாவது மாடியில் பாட்டு தணிந்தது. முடியப்போகிறது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஆனால் பாட்டு முடியவில்லை. எங்கிருந்தோ மூச்சு வாங்கிக்கொண்டு அது மேலே போனது.

சாப்பிடாத மயக்கம் என்று நினைத்தேன். காதுக்குள் தண்ணீர் புகுந்தாற்போல எல்லாம் தூரத்தில் கேட்டது. கால்கள் என்னுடையவை போலவே இல்லை. கடைசிப் படிகளை நான் ஏறவே இல்லை, பாட்டுதான் என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனது. அப்படியே போய்க்கொண்டிருந்தால்கூட நன்றாகத்தான் இருக்கும் என்று பட்டது.

கதவைத் தள்ளினேன்.

மேடையில் பன்னிரண்டு பிள்ளைகள். முகமெல்லாம் சிவந்து, வேர்த்து, அப்படி ஓர் ஈடுபாடு! புல்லாங்குழல்காரப் பெண் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஊதினாள். மேளக்காரன் தோளையே ஒரு பக்கம் சாய்த்துவிட்டிருந்தான். டீச்சர் இரண்டு கையையும் என் மகளை நோக்கி நீட்டியிருந்தார். கெஞ்சுவது போலிருந்தது. சங்கீதம் என்றால் இப்படி உருகவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

நண்டு கடைசி வரிசையில் நின்றாள். குச்சியைத் தூக்கிப் பிடித்திருந்தாள். டீச்சரை அவள் பார்க்கவே இல்லை.

பாட்டு தணிந்தது.

அவள் என்னைப் பார்த்தாள்.

டிங்.

அந்தச் சத்தம் கூரைக்குப் போய், அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கமாக இருந்தாலும் துடைத்துக்கொள்ளவில்லை.

அப்படி ஒரு கைதட்டலை என் வாழ்நாளில் கேட்டதில்லை. எல்லோரும் எழுந்தே நின்றுவிட்டார்கள். சிலர் வாய்விட்டு அப்பாடா என்றார்கள். முன்வரிசையிலிருந்து என் மனைவி திரும்பிப் பார்த்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

சரியாக அந்த நொடிக்கு வந்து நின்றேனே! எனக்கும் அதிர்ஷ்டத்துக்கும் ஏழாம் பொருத்தம். எனக்கு முன்னால் நிற்பவரோடு டிக்கெட் தீர்ந்துபோகும். அப்பேர்ப்பட்டவனுக்கு இன்றைக்கு இது கிடைத்ததே என்று உச்சி குளிர்ந்துபோய் நின்றேன்.

பிள்ளைகள் மேடையிலிருந்து இறங்கினார்கள். புல்லாங்குழல்காரப் பெண் நேராக என்னிடம் வந்தாள். உதட்டைப் புறங்கையால் தேய்த்துக்கொண்டாள்.

"அங்கிள், அடுத்த வருஷமாவது கொஞ்சம் சீக்கிரம் வாங்க. ஏழு தடவை வாசிச்சிட்டோம்."

நண்டு அவளுக்குப் பின்னால் நின்றாள். மணியை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தாள். வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை.