தொப்புளுக்கு வலப்பக்கம்

என் தொப்புளுக்கு வலப்பக்கத்துக் கொழுப்பை அளக்க மட்டும்தான் டாக்டர் ரெஜினாவும் அவர் கணவர் டாக்டர் ஜெயசீலனும் ஒரே அறைக்குள் வருவார்கள். மற்றபடி இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. டாக்டரம்மா சதை மடிப்பை இடுக்கியால் பிடித்து அளப்பார். ஜெயசீலன் ஜெல் தடவி ஸ்கேன் வைப்பார். எந்த முறை சரி என்பதுதான் ஆராய்ச்சி.

"கிள்ளினா கொழுப்பு நசுங்கும்னு அவங்ககிட்ட சொல்லுங்கய்யா."

"ஸ்கேனை அழுத்தினாலும் நசுங்கும்னு அவர்கிட்ட சொல்லுங்க."

இருவரும் பக்கத்தில்தான் நிற்பார்கள். இருந்தாலும் நான் சொல்வேன். அந்தப் பேச்சாவது நிற்கக் கூடாதென்று என் கொழுப்பைப் பழக்கியும் வைத்திருந்தேன். இடுக்கியைக் கண்டால் ஒதுங்கும், ஸ்கேனைக் கண்டால் திரளும்.

நேற்று அது அசந்துவிட்டது. இரண்டிலும் பத்தொன்பது மில்லிமீட்டர். டாக்டரம்மா இடுக்கியை உறையில் போட்டார். ஜெயசீலன் மெஷினை அணைத்தார். ஆராய்ச்சி முடிந்தது. ஆளுக்கொரு கதவைப் பார்த்து நடந்தார்கள்.

"ஒரு தடவை மூச்சைப் பிடிச்சிருந்தேன்," என்றேன்.

இருவரும் நின்றார்கள்.

"நீங்க அளந்தப்பவா, நான் அளந்தப்பவா?" என்று டாக்டரம்மா நேராக அவரையே கேட்டார்.

நான் சட்டையை மறுபடி தூக்கிக்கொண்டு படுத்தேன்.