முதல் தடவை ஆன் பண்ணும்போது

"கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைதானே? காலையில முதல் தடவை ஆன் பண்ணினா அப்படியே உறைஞ்சு போயிடுது சார்."

"மவுஸ் நகருதா மேடம்?"

"கல்லு மாதிரி நிக்குது."

"பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சு அணைச்சிட்டுத் திரும்பப் போடுங்க."

போட்டாள். இரண்டாவது முறை எந்தத் தகராறும் இல்லாமல் திரை வந்தது.

"வந்துடுச்சு. ஆனா ஒரு வாரமா தினமும் இதே கூத்து. வீட்டுலேர்ந்து வேலை பார்க்கறேன். தினமும் லேட்டுன்னு மேனேஜர் எரிஞ்சு விழறாங்க. இன்னொரு நாள் லேட்டானா வேலையே போயிடும்."

"ஒரு வாரமா இல்லை மேடம், வாங்கினதுலேர்ந்தே அப்படித்தான். ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்தா, முதல் தடவை நிக்கும்."

"கதை விடாதீங்க. நாலு வருஷமா நான் வந்து உட்காரும்போது ஒரு நாள்கூட நின்னதில்லை."

"அதுக்கு முன்னாடியே, நீங்க குளிக்கப் போயிருக்கும்போது நின்னிருக்கும். யாராவது அணைச்சுத் திரும்பப் போட்டு வச்சிருப்பாங்க."

அவள் திரும்பிக் குளியலறைக் கதவைப் பார்த்தாள்.

"இதை ஏன் ஒரு நாளும் சொல்லலை?"

"இதையெல்லாமா சொல்லிக்கிட்டு இருப்பாங்க?"

மறுமுனையில் யாரோ திருகாணி முடுக்கும் சத்தம் கேட்டது.

"நேர்ல வந்து சரி பண்ணித் தருவீங்களா?"

"வரலாம். வீடு எங்கேன்னு சொல்லுங்க மேடம்."

"போன வாரம் கோவிச்சுக்கிட்டு, பையைத் தூக்கிட்டு, கதவை அறைஞ்சு சாத்திட்டுப் போனீங்களே, அதே வீடுதான்."