நடுவில் வந்த பச்சைக் கார்

ஞாயிறு காலை, உத்திரமேரூரில் வாங்கிய புது மானிட்டரைத் தானியேல் மாட்டினான்.

"இதுல இன்னாடா வித்தியாசம்?" என்றாள் அக்கா அம்முலு.

"கம்ப்யூட்டரு செகண்டுக்கு நூத்தி இருபது படம் போடுதுக்கா. பழசு அறுபதுதான் காட்டும், மீதி வீணாப் பூடும். இது எல்லாத்தியும் காட்டும்."

இருவர் மட்டுமே ஆடக்கூடிய கார் பந்தயத்தைத் தொடங்கினார்கள். முதல் வளைவிலேயே அவர்களுக்கு நடுவே ஒரு பச்சைக் கார் ஹாரன் அடித்துக்கொண்டே புகுந்தது. போன வருடம் இறந்த அப்பா எப்போதும் அப்படித்தான் ஓட்டுவார்.

அம்முலு திரைக்கு அருகே குனிந்து பார்த்தாள். பிறகு, "நைனா, வழி வுடு!" என்று கத்திச் சிரித்தாள்.

"அந்த மனுசன் இன்னும் ஹாரன வுடலியா?" சமையலறையில் அம்மாவும் சிரித்தாள். "நாஷ்டா ஆறுது, கூட்டிக்கினு வாங்க."

பச்சைக் கார் எல்லைக்கோட்டைத் தாண்டியது. பிறகு திரும்பி நின்று, பிள்ளைகள் வந்து சேரக் காத்திருந்தது.