லிண்டோ போட்ட சத்தம்

முதலில் மரியாதை கெட்டு நடந்தது லிண்டோதான். அதில் ஒஸ்மண்டுக்குச் சந்தேகமே இல்லை.

அன்று அவருக்கு முதல் துப்பாக்கிப் போட்டி. ஓடி ஓடிச் சுட வேண்டும். குறியும் தப்பக்கூடாது, நேரமும் ஆகக்கூடாது. ஒருவர் சுட்டு முடித்ததும் மற்றவர்கள் போய் அட்டை இலக்குகளில் விழுந்த ஓட்டைகளை ஒட்டுத்தாளால் மூடுவார்கள். ஒஸ்மண்டும் அதற்குத்தான் குனிந்தார். இடுப்பு உறையிலிருந்த துப்பாக்கி நழுவி ஜல்லியில் விழுந்தது.

காலித் துப்பாக்கிதான். சுடும் நேரம் தவிர எல்லாருடையதும் காலியாகத்தான் இருக்க வேண்டும். எடுக்கக் கையை நீட்டினார்.

"தொடாதே! கைய எடு! பின்னால போ!"

நடுவர் லிண்டோ பாய்ந்து வந்து நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். ஒஸ்மண்ட் நாலடி தடுமாறிப் போய் நின்றார்.

பன்னிரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். தலைநகர் கிங்ஸ்டனிலிருந்து வந்திருந்த ஒருவன், "பெரியவர் நல்லா டான்ஸ் ஆடுறாரே!" என்றான்.

லிண்டோ துப்பாக்கியை எடுத்தான். குண்டைத் தடுக்கும் மண்மேட்டுப் பக்கம் நீட்டி, காலிதானா என்று பார்த்தான். பிறகு அவனே ஒஸ்மண்டின் உறையில் செருகினான், குழந்தைக்குச் சட்டைப் பொத்தான் போட்டு விடுவதுபோல. ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது.

"அடுத்தது யாரு?"

ஒஸ்மண்டுக்கு அறுபத்திரண்டு வயது. மே பென் ஊர்ச் சந்தையில் நாற்பது வருஷமாக இரும்புச் சாமான் கடை. அங்கே போலீஸ்காரர்கூட 'மிஸ்டர் ஒஸ்மண்ட்' என்றுதான் கூப்பிடுவார். அவரைப் போய் இந்தப் பயல்!

அப்போதே கிளம்பியிருப்பார். ஆனால் அந்தக் கிளப்பில் ஒரு கட்டுப்பாடு. முதல் போட்டியை முழுசாக முடித்தால்தான் உறுப்பினர் கார்டு. பாதியில் வெளியே போனாலோ, வெளியே அனுப்பினாலோ, ஒரு வருஷத்துக்கு உள்ளே வர முடியாது. "உக்காந்து டொமினோ ஆடுற வயசுல ஓடிப் போய் சுடப் போறீங்களா?" என்று சிரித்த மனைவி மெர்லீன் முன்னால் அந்தக் கார்டை வைத்தே ஆக வேண்டும்.

பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டார்.

ஒவ்வொரு சுற்றுக்கும் லிண்டோதான் டைமரோடு பின்னால் நின்றான். "தயாரா?" என்று கேட்பான். பதில் வராவிட்டால் தயார் என்று அர்த்தம். ஒஸ்மண்டுக்கு அது ரொம்ப வசதியாகப் போயிற்று. அந்த ஆளிடம் ஒரு வார்த்தை பேசாமலே மிச்சம் நான்கு சுற்றையும் முடித்தார். மத்தியானம் தகரக் கொட்டகையில் பன்னும் சீஸும் தின்றபோதும் அவனுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தார்.

முப்பத்திரண்டு பேரில் முப்பத்தோராவது இடம். போகட்டும், முடித்துவிட்டார்.

போட்டியை நடத்தும் மிஸ் க்ளோரிஸ் மேஜையில் கார்டுகளைப் பரப்பினாள். எல்லாரும் சுற்றி நின்றார்கள். ஒஸ்மண்ட் மேஜையைத் தட்டினார்.

"கார்டு அப்புறம் இருக்கட்டும். முதல்ல இந்த ஆளு என்கிட்ட மன்னிப்புக் கேக்கட்டும்."

"கேக்க மாட்டேன்" என்றான் லிண்டோ.

"என்னைப் பிடிச்சுத் தள்ளினியா, இல்லையா?"

"தள்ளினேன்."

"இத்தனை பேர் முன்னால கத்தினியா?"

"கத்தினேன்."

"எதுக்குய்யா?"

லிண்டோ சுற்றி நின்றவர்களை ஒரு முறை பார்த்தான். "என் தொண்டையே அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு, இலக்குகளைப் பிடுங்கி அடுக்கப் போய்விட்டான்.

"திமிரைப் பாத்தீங்களா! அந்த ஆளுக்கு அப்பா, அம்மா மரியாதை சொல்லித் தந்ததே இல்ல" என்றார் ஒஸ்மண்ட். நாலைந்து பேர் தலையாட்டினார்கள். கிங்ஸ்டன்காரனும் ஆட்டினான்.

கூட்டம் கலைந்தது. மிஸ் க்ளோரிஸ் அவரை மட்டும் நிறுத்தி வைத்தாள்.

"மிஸ்டர் ஒஸ்மண்ட், காலித் துப்பாக்கி கீழ விழுந்தா தப்பே இல்ல. விழுந்ததை நீங்களே எடுத்தாத்தான் தப்பு. நடுவர்தான் எடுக்கணும். உங்க விரல் பட்டிருந்தா அந்த நிமிஷமே உங்களை வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். கார்டும் போயிருக்கும்."

ஒஸ்மண்ட் திகைத்துப் போனார். "இதை யாரு என்கிட்ட சொன்னா?"

"காலையில லிண்டோ குடுத்த விதிமுறைத் தாள்ல ஏழாவது வரி. நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்களே!"

ஒஸ்மண்ட் தரையைப் பார்த்தார். கையெழுத்து ஒன்றுதான் அவருக்கு எழுதத் தெரியும். காலையில் தாளைப் பாராமலே அதைப் போட்டபோது லிண்டோ பக்கத்தில்தான் நின்றான். கடையில் ஆணியை அளவு பார்த்தே எடுத்துவிடுவார். கடிதாசு எது வந்தாலும் மெர்லீன் படிப்பாள். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பது அவளைத் தவிர இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது.

"சரி, தாள்ல இருக்குதுன்னு அப்பவே என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமே? நான் அத்தனை பேச்சுப் பேசினேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

"நானும் லிண்டோகிட்ட அதைத்தான் கேட்டேன்." மிஸ் க்ளோரிஸ் தாள்களைக் கட்டிக்கொண்டே சொன்னாள்: "அடுத்த மாசத்துலேருந்து தாளைக் குடுக்க வேண்டாம், காலையில நானே எல்லாருக்கும் சத்தமா வாசிச்சுக் காட்டிடறேன்னு மட்டும் சொன்னார்."

ஒஸ்மண்ட் கார்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தார். வாசல்வரை போனவர் திரும்பினார்.

"தள்ளினதுக்கு மன்னிப்பு இன்னும் பாக்கிதான்னு அவர்கிட்ட சொல்லுங்கம்மா. அடுத்த மாசம் வாசிக்கும்போது முதல் வரிசையில நிப்பேன்."