மெட்ராசுக்கு நல்ல மாசம்

"இப்ப வேணாம்ப்பா. மெட்ராஸ்ல வெயில் கொளுத்துது. அம்மாவுக்கு ஒத்துக்காது."

செல்போனில் பேசுகிறவன் மகன் மாறன். அடி அண்ணாமலை எஸ்.டி.டி. பூத்துக்குள் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார் வேடியப்பன். அதில் யார் யாரோ பேசிப்போன எச்சில் நாற்றம்.

ஐப்பசியில் கேட்டபோது தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர் என்றான். மார்கழியில் பனி, குழந்தைக்குச் சளி. தையில் மாமனார் வீட்டார் வந்திருந்தார்கள், படுக்க இடமில்லை. இப்போது வெயில்.

பேத்திக்குப் பல் முளைத்துவிட்டதாம். பாஞ்சாலை இன்னும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கான்கிரீட் வேலையிலிருந்து புருஷனோடு அப்படியே வந்தவள், தலையெல்லாம் சிமெண்டுத் தூசியாக, பூத்துக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"அப்ப எந்த மாசம்தான்டா உங்க ஊருக்கு வரலாம்?"

"ஆடி வரட்டும்ப்பா. காத்து ஜாஸ்தி இருக்கும். அம்மாவ பீச்சுக்கெல்லாம் கூட்டினு போறேன்."

பாகு மாதிரி இழைந்தது குரல்.

வெளியே பௌர்ணமிக் கூட்டம் மலையைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. வழிநெடுகக் கம்பங்களில் கட்டியிருந்த ஒலிபெருக்கிகள் இரைந்தன.

"வந்தவாசி பலராமன் எங்கிருந்தாலும் போலீஸ் பந்தலுக்கு வரவும். உங்கள் மனைவி அழுதுகொண்டிருக்கிறார்."

இடது காதில் தெருவிலிருந்து கேட்டது.

வலது காதில், ரிசீவருக்குள்ளிருந்தும் கேட்டது. அதே வந்தவாசி. அதே பலராமன். கூடவே, பக்கத்தில் ஒரு கைக்குழந்தையின் சிணுங்கல்.

"சரிப்பா, ஆபீஸ்ல கூப்புடறாங்க" என்று மாறன் வைத்துவிட்டான்.

"என்ன வேடியப்பா, இந்த மாசமும் மெட்ராஸ மூடிட்டாங்களா?" பூத்துக்காரர் தன்யகுமார் சிரித்தார்.

வேடியப்பன் வெளியே வந்து காறித் துப்பினார்.

"இன்னா சொன்னான்? எப்ப வரச் சொன்னான்?"

வேடியப்பன் பாஞ்சாலையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் இறங்கினார். எல்லோரும் போகிற திசையில் அல்ல, அவர்கள் வருகிற திசையை நோக்கி.

வியர்வை நாறும் தோள்கள் இடித்தன. "யோவ், எதிர்ல வர்றியே, அறிவில்ல?" என்று ஒருவன் கத்தினான்.

பாஞ்சாலை பதறினாள். "ஐயோ, சாமிக் குத்தம்யா! யாராவது மலைய எதிர்ப்பக்கமா சுத்துவாங்களா?"

"கம்முனு வா. இப்படி நடந்தாதான் வர்றவங்க மூஞ்சி தெரியும்" என்றார். "கொழந்தய தூக்கினு வர்றவன் ஒருத்தனையும் விடாம பாரு."