நாற்பது நாள் வீடு

"தலைய தூக்காதீங்க! அப்படியே கிடங்க!"

குரல் கேட்டதும் அப்பாவு இன்னும் அழுந்திச் சேற்றில் குப்புறக் கிடந்தார். பக்கத்தில், அவர் படகில் பத்து வருஷமாக வேலை செய்யும் மாரியப்பன். கண்டல் புதருக்குள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்த கிடப்பைப் பார்த்தால், கரையில் போலீஸ் தேடுகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

போலீசும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவர்கள் ஒளிந்தது ஒரு கேமராவுக்கு.

எண்ணூர்க் கழிமுகத்தின் நடுவில் இருக்கும் அந்த மணல்திட்டில் அன்பரசன் என்பவன் வீடு கட்டிக்கொண்டிருந்தான். யூடியூபில் போடப்போகிறானாம். ஆளே இல்லாத தீவில், கரண்ட் இல்லாமல், குழாய் இல்லாமல், ஒற்றை ஆளாக ஒரு வீடு!

சவுக்குக் கம்பு நட்டதும், கீற்று வேய்ந்ததும், மழைத் தண்ணீருக்கு நீல டிரம் வைத்ததும் அப்பாவுவும் மாரியப்பனும்தான். கரையிலிருக்கும் அனல்மின் நிலையத்தின் புகைக்கூண்டுகள் தெரியாத பக்கமாகக் கேமராவைத் திருப்பிவிட்டு, கம்பைத் தொட்டபடி நிற்பது மட்டும் அவன் வேலை. ஓர் ஆளோ, படகோ, வலை மிதவையோ படத்தில் விழுந்துவிட்டால் போதும், வள்ளென்று விழுவான்.

"முடிஞ்சுது, எழுந்திரிங்க" என்றான் அன்பரசன், அவர்கள் பக்கம் திரும்பாமலே.

மாரியப்பன் வாயிலிருந்த சேற்றைத் துப்பினான். "இன்னா நைனா இது? நம்ம திட்டுல நம்மளே திருடன் மாதிரி பதுங்கிகினு கீறோம். இவன் பேஜாரு தாங்கல."

"கம்னு கெட. நாப்பது நாள் கயிச்சி வூடு நம்முளுதுன்னு சொல்லிகீறான்ல?"

அதுதான் பேச்சு. படம் முடிந்ததும் கூரையில் இருக்கும் சோலார் தகட்டோடு வீட்டை அவர்களுக்கே விட்டுவிடுவதாகச் சொல்லியிருந்தான். அப்பாவுவுக்கு அது வெறும் நிழலுக்காக வேண்டியிருக்கவில்லை.

அந்தத் திட்டை வளைத்து நிலக்கரி இறக்க ஒரு கம்பெனி மனு போட்டிருந்தது. அடுத்த மாதம் கருத்துக் கேட்புக் கூட்டம். ஊருக்கு இறால் பிடிக்க மிச்சம் இருந்தது அந்த ஓர் இடம்தான். அங்கே நம் வீடு ஒன்று நின்றுவிட்டால் எந்தக் கொம்பன் வந்து அசைப்பான் என்பது அப்பாவுவின் எண்ணம்.

அதனால்தான் ஊர்க்கூட்டத்தில் மல்லுக்கட்டி, நாற்பது நாளைக்குத் திட்டுப் பக்கம் பாடு கிடையாது என்று முடிவு வாங்கினார். பாடு என்றால் யார் எந்த நாளில் எங்கே வலை விடுவது என்று ஊர் வகுத்த முறை. ஊர் நிறுத்திவிட்டால், பட்டினி கிடந்தாலும் எவனும் அங்கே வலை போட மாட்டான். தெருக்குழாயில் பெண்கள் அவர் காதுபடவே சபித்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டார்.

ஒவ்வொரு தடவையும் படம் எடுக்கும் முன் அன்பரசன் ஒரு சின்னப் பலகையில் தேதியும் ஏதோ நீளமான எண்களும் எழுதிக் கேமராவுக்குக் காட்டினான்.

"தீவுக் கதை வுடறவனுக்குத் தேதி இன்னாத்துக்கு நைனா?"

"சினிமாக்காரன்னா பலகை காட்டத்தான் செய்வான். உனுக்கு இன்னா தெரியும்?"

முப்பத்தெட்டாம் நாள் மாரியப்பனுக்குப் பொறுமை போய்விட்டது. கேமரா ஓடும்போதே புதரை விலக்கிக்கொண்டு எழுந்து நின்றான். "எட்றா! என் மூஞ்சியயும் சேத்து எட்றா கஸ்மாலம்!"

அன்பரசன் திட்டவில்லை. அந்தப் படத்தை அழித்துவிட்டு, பலகையை மறுபடி எடுத்தான். அறைந்தது அப்பாவு.

"ரெண்டு நாள் பொறுக்க மாட்டியா? வூடு போச்சின்னா நீயா தருவ?"

மாரியப்பன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சேற்றில் படுத்தான். அதற்குப் பிறகு அவன் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

திருவொற்றியூர்க் கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்பு நடந்த அன்று ஊரே வந்திருந்தது. அப்பாவு மைக்கைப் பிடித்தார். எதிரே மேஜையில் அதிகாரி அம்மா. நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

"யாரும் பொயங்காத எடம்னு கம்பெனிக்காரன் சொல்றான்மா. எங்க வூடே அங்க கீது. கீத்து வேஞ்சி, சோலார் போட்டு, ஜம்முனு நிக்கிது. வந்து பாருங்க!"

கம்பெனி வரிசையிலிருந்து ஒருவன் எழுந்தான். சலவைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. அன்பரசன்.

"அது எங்க கண்காணிப்புக் குடிசை, மேடம். அங்க யாராவது தொழில் பண்றாங்களான்னு நாப்பது நாள் பதிவு பண்ணியிருக்கோம். தேதி, இடம் எல்லாம் இருக்கு."

திரையில் படம் ஓடியது. தேதிப் பலகை, திட்டு, தண்ணீர். அடுத்த தேதி, திட்டு, தண்ணீர். கண்டல் புதர் ஒன்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அப்பாவு திரையை நோக்கிக் கையை நீட்டினார்.

"அந்தப் பொதரு பின்னாலதாம்மா நான் கெடந்தேன்! அந்த வூட்ட கட்டனதே நாங்கதாம்மா!"

சாட்சிக்கு மாரியப்பனைத் தேடித் திரும்பினார். கடைசி வரிசையில் அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டு இவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதிகாரி அம்மா படத்தை முதலிலிருந்து ஓட்டச் சொல்லிவிட்டு, அவரைப் பார்த்துக் கேட்டார்:

"நாப்பது நாள் படம் இது, பெரியவரே. இதுல நீங்க எங்க?"